மணிமேகலையை விடுங்கள் மாமா, கல்கி எங்கே?

அன்புள்ள மாமா,

கல்கியின் நாவலை மணிரத்னம் படமாக்கிய 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகம் பார்த்துவிட்டு வந்த ராத்திரி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட வாய்ஸ் மெசேஜ்களை நான் இன்னும் அழிக்கவில்லை. படம் வந்தது 2023 ஏப்ரலில். உங்கள் கோபம் இன்னும் ஆறவில்லை என்பது போன வாரம்தான் தெரிந்தது. 'ஆடுஜீவிதம்' என்ற மலையாளப் படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம், பேச்சு நஜீபை விட்டுவிட்டு நந்தினியில் வந்து நின்றது.

உங்கள் குற்றப்பத்திரிகை எனக்கு மனப்பாடம். கடம்பூர் இளவரசி மணிமேகலையைக் காணோம். சேந்தன் அமுதனுக்குப் பட்டாபிஷேகம் இல்லை. ஆதித்த கரிகாலன் எப்படிச் செத்தான் என்பதைக் கல்கி இருட்டில் வைத்தார், மணிரத்னம் விளக்குப் போட்டுக் காட்டிவிட்டார். கடைசியில் எங்கிருந்தோ ஒரு போர் வந்து சேர்கிறது. "கதையையே மாத்திட்டான்டி!"

குழுவில் பதில் எழுதினால் அத்தை கும்பிடு ஸ்டிக்கர் போட்டு இரண்டு பேரையும் அடக்கிவிடுவார். அதனால் இங்கே, ஊரறிய எழுதுகிறேன். என் கட்சி உங்களுக்கு நேர் எதிர். மணிரத்னம் மாற்றியது போதாது.

முதலில் சேந்தன் அமுதன். செம்பியன் மாதேவியின் மகன் மதுராந்தகன் என்கிற உத்தம சோழன், ராஜராஜனுக்கு முன்னால் ஆண்டவன். அது வரலாறு. பிறந்தவுடன் பிள்ளை மாறியதும், கோயிலுக்குப் பூ கட்டிக்கொண்டிருந்த பையன்தான் அசல் இளவரசன் என்று கடைசியில் தெரிவதும் கல்கியின் கைவேலை. படம் மதுராந்தகனுக்கே முடிசூட்டியபோது நாவலிலிருந்து விலகி வரலாற்றின் பக்கம் ஓரடி வைத்தது, அவ்வளவுதான். கல்கியும் கையில் இருந்ததை மாற்றியவர்தானே? காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டில், கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோர் பெயர்கள் இருக்கின்றன. அவர்கள் சொத்தைப் பறித்த செய்தி இருக்கிறது. அந்தச் சில வரிகளிலிருந்து திருப்புறம்பயம் பள்ளிப்படை, நள்ளிரவுச் சதிக்கூட்டம், ஆந்தைக் குரல் எல்லாவற்றையும் கிளப்பியவர் அவர். அவருக்கு இருந்த உரிமை அவரை எடுப்பவருக்கு மட்டும் இல்லையா?

இன்னொன்று. "நந்தினி இப்படியா இருப்பா?" என்று கேட்டீர்கள். உங்கள் நந்தினி எங்கிருந்து வந்தாள் மாமா? தாத்தா கல்கி இதழிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணிவைத்த தொகுப்பிலிருந்து. அதாவது அந்தத் தொடருக்குப் படம் வரைந்த ஓவியர் மணியத்தின் தூரிகையிலிருந்து. 1950 அக்டோபரில் தொடர் தொடங்கியதிலிருந்து கொண்டை, நகை, கண் சாய்வு என்று வாராவாரம் ஒரு முகத்தை உங்களுக்குப் பழக்கியவர் அவர். நீங்கள் வாசித்தபோதே உங்களுக்குள் ஒரு படம் ஓடி முடிந்துவிட்டது. பாவம் ஐஸ்வர்யா ராய், அவர் போட்டியிட்டது மணியத்தோடு.

சரி, என் மனக்குறைக்கு வருகிறேன். கதை முழுக்கத் தெரிந்தும் அந்த ஐந்து பாகங்களை ஏன் திரும்பத் திரும்ப எடுக்கிறீர்கள்? கல்கி பேசுவதைக் கேட்கத்தானே? கற்பனை ஓடத்தில் ஏற்றி ஆயிரம் வருஷம் பின்னால் கூட்டிப்போகிறார். ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில், வந்தியத்தேவனின் குதிரைக்குப் பக்கத்தில் நம்மை இறக்கிவிடுகிறார். ஆழ்வார்க்கடியானைச் சைவர்களோடு மல்லுக்கட்ட விட்டுவிட்டு ஓரமாக நின்று சிரிக்கிறார். ஒரு ரகசியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல நம்மை வேறு ஊருக்குக் கிளப்புகிறார். திண்ணையில் வெற்றிலைச் செல்லத்தோடு உட்கார்ந்து வம்பு பேசும் பெரியவர் மாதிரி ஒரு குரல் அது. சதி, காதல், கொலை எல்லாம் அந்தக் குரலில் தொங்குபவை.

படத்தில் அந்த இடத்தில் கமல்ஹாசனின் குரல். வால்நட்சத்திரத்தையும் சோழநாட்டு நிலவரத்தையும் கம்பீரமாக அறிவித்துவிட்டு அது ஒதுங்கிவிடுகிறது. அப்புறம் சம்பவங்கள்தான். கடம்பூர், தஞ்சை, பழையாறை, இலங்கை, நாகப்பட்டினம் என்று எல்லா ஊருக்கும் போய் ஆஜர் கொடுத்துவிட்டு வந்தாக வேண்டும். நாவலின் எலும்பை ஒவ்வொன்றாக எண்ணி எடுத்துவைத்தவர்கள் வம்பை விட்டுவிட்டார்கள். வந்தியத்தேவனாகக் கார்த்தியும் ஆழ்வார்க்கடியானாக ஜெயராமும் ஒரே ஃபிரேமில் வரும்போது மட்டும் கல்கி கொஞ்சம் எட்டிப் பார்க்கிறார். ரவிவர்மனின் ஒளிப்பதிவைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது, அதை இங்கே கொண்டுவராதீர்கள்.

படம் நிஜமாகவே எழுந்து நின்ற இடங்களை யோசித்துப் பாருங்கள். கள்ளையும் பாட்டையும் போர்க்களத்தையும் எதற்காகத் தேடி ஓடுகிறேன் என்று கரிகாலனாக விக்ரம் குமுறும் காட்சி. கல்கியிடம் பக்கம் பக்கமாக உரையாடலில் வரும் வேதனை, இங்கே ஒரே மூச்சில் வந்துவிடுகிறது. அடுத்தது இரண்டாம் பாகத்தின் தொடக்கம். சின்ன வயது நந்தினியும் கரிகாலனும் நாவலில் வாய்ச்சொல்லாக வருகிற பழங்கதை. படத்தில் முகங்களும் இசையுமாக அது நம் கண்முன் நடக்கிறது. இரண்டுமே புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எடுத்த காட்சிகள். இந்தத் துணிச்சலை ஐந்து மணி நேரத்துக்கும் வைத்திருந்தால், மணிமேகலையோடு இன்னும் நாலு பேரைக் காணோம் என்று நீங்கள் கத்தியிருப்பீர்கள். ஆனால் படம் தேறியிருக்கும்.

உங்களுக்கு 'அசுரன்' பிடித்தது. 2019-இல் இரண்டு தடவை தியேட்டருக்குப் போனீர்கள். அதன் மூலநாவலான 'வெக்கை' படித்தீர்களா என்று அப்போது கேட்டேன், பதில் இன்னும் வரவில்லை.

பூமணி 1982-இல் எழுதிய அந்த நாவலுக்குக் கண் பதினைந்து வயதுச் சிதம்பரம்தான். அண்ணனைக் கொன்றவனின் கையை வெட்டப் போகிறான், ஆளே விழுந்துவிடுகிறார். அங்கிருந்து எட்டு நாள், தகப்பனும் மகனும் காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரிகிறார்கள். எதைத் தின்பது, தண்ணீருக்கு எங்கே போவது, இன்றைக்கு எந்த மறைவில் படுப்பது. அவ்வளவுதான் கதை. யார் என்ன சாதி என்று பூமணி பெயர் சொல்லி எழுதவில்லை. வெற்றிமாறன் கதையைப் பையன் தோளிலிருந்து எடுத்து அப்பன் தோளில் வைத்தார். நாவலில் பெரும்பாலும் 'அய்யா' என்றே வருபவர் சிவசாமியானார், தனுஷானார். தலித்துகளுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம், செருப்புப் போட்டதற்காக அவமானப்படும் பெண், கீழ்வெண்மணியை நினைக்காமல் பார்க்க முடியாத அந்தக் குடிசை எரிப்பு என்று ஒரு பெரிய முன்கதையே முளைத்தது. நாவலில் அப்பனும் மகனும் சேர்ந்து கோர்ட்டுக்கு நடக்கிறார்கள். படத்தில் பழியை அப்பன் வாங்கிக்கொண்டு மகனைப் படிக்கச் சொல்லிவிட்டுப் போகிறார்.

உங்கள் கணக்குப்படி பார்த்தால் இது மணிமேகலையை விட்டதைவிடப் பத்து மடங்கு துரோகம்! ஆனால் அந்த வெயிலும், பசியும், இந்த மனுஷன் ஏன் இப்படிப் பணிந்து போகிறான் என்று மகன் தகப்பனைப் பார்க்கிற பார்வையும் பூமணியின் உலகம்தான். அதைப் பிடித்துக்கொண்டதால் மற்றதை மாற்ற வெற்றிமாறனுக்குத் தைரியம் இருந்தது. சண்டைக் காட்சியில் சிவசாமி திடீரென்று ஸ்டாராகிவிடுவது எனக்கு உறுத்தல்தான். எனக்கு நாவல்தான் பெரிது. இருந்தாலும் படம் தன் காலில் நிற்கிறது.

"இந்தக் காலத்துப் பசங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். உங்கள் காலத்து மகேந்திரனையே எடுத்துக்கொள்வோம். பொன்னியின் செல்வனைப் படமாக்க நினைத்த எம்.ஜி.ஆர். திரைக்கதை எழுதச் சொன்ன இளைஞர் அவர்தான். அந்தப் படம் வரவில்லை. 1978-இல் அவர் உமாசந்திரனின் 'முள்ளும் மலரும்' நாவலை எடுத்தார், அடுத்த வருஷம் புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து 'உதிரிப்பூக்கள்' வந்தது. புதுமைப்பித்தன் தலைப்பிலேயே சித்தியை வைத்தார். மகேந்திரன் எல்லாவற்றையும் அந்தத் தகப்பனைச் சுற்றிக் கட்டினார். ஊரே திரண்டு அவனை ஆற்றுக்குள் இறக்கும் முடிவைச் 'சிற்றன்னை'யில் தேடினால் கிடைக்காது. நீங்கள் இன்றைக்கும் 'உதிரிப்பூக்க'ளைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறீர்கள். மூலக்கதையை முன்னாலேயே படித்திருந்தால் மகேந்திரனுக்கும் ஒரு வாய்ஸ் மெசேஜ் போயிருக்கும். ('மோகமுள்' நாவல் படமானது பற்றிய நம் சண்டையை இங்கே இழுக்கப்போவதில்லை. பாட்டு வாத்தியார் ரங்கண்ணாவாக நெடுமுடி வேணு உட்கார்ந்திருக்கும்வரை நான் அந்தப் படத்தை ஒன்றும் சொல்ல மாட்டேன்.)

'ஆடுஜீவித'த்தில் பாதியில் விட்ட இடத்தையும் சொல்லிவிடுகிறேன். பென்யாமினின் நாவல் 2008-இல் வந்தது, பிளஸ்ஸியின் படம் 2024-இல். மணல், தாகம், பிருத்விராஜின் உருகிப்போன உடம்பு எல்லாவற்றுக்கும் கும்பிடு. ஆனால் நாவலில், பாலைவனத்தில் ஆடு மேய்க்கச் சிக்கிக்கொண்ட நஜீப் ஆடுகளுக்குத் தன் ஊர்க்காரர்களின் பெயரை வைத்துப் பேசிக்கொண்டிருப்பார். அத்தனை துயரத்துக்கும் நடுவில் ஒரு கிண்டல் ஓடும், அவர் பைத்தியமாகாமல் இருந்ததே அதனால்தான் என்று தோன்றும். படத்தில் துயரம் மட்டும் மிஞ்சியது. சம்பவங்கள் பெரும்பாலும் இருக்கின்றன, நஜீபில்தான் பாதி வரவில்லை. நீங்கள் அழுதீர்கள், நானும் அழுதேன். புத்தகத்தில் நான் சிரிக்கவும் செய்தேன்.

இனி வரப்போவது 'வேள்பாரி'. உரிமை தன்னிடம் இருப்பதாக ஷங்கரே சொல்லியிருக்கிறார். சு. வெங்கடேசன் ஆனந்த விகடனில் நூறு வாரங்களுக்கு மேல் எழுதியது. ஓவியம் ம.செ. என்கிற மணியம் செல்வன், நம் மணியத்தின் மகன். ஆகவே பாரி எப்படி இருப்பான் என்று லட்சம் பேர் ஏற்கெனவே முடிவு பண்ணியாயிற்று. நீங்கள் மூவேந்தரும் பாரியின் பறம்பு மலையைச் சூழும் போரைக் கேட்பீர்கள், ஷங்கர் அதைத் தாராளமாகவே தருவார். எனக்குத் தேவாங்கு வேண்டும். வடக்குப் பார்த்தே உட்காரும் அந்தச் சின்னப் பிராணிக்காகக் கடலோடிகளும் பாண்டியனும் அலைவதும், செடிகொடிகளைப் பேர் சொல்லிப் பேசிக்கொண்டே நடக்கும் மலைமக்களும் இருந்தால் போதும், போரில் பாதியை வெட்டினாலும் நான் கேட்க மாட்டேன்.

முதல் நாள் காட்சிக்குச் சேர்ந்தே போவோம். டிக்கெட் உங்கள் செலவு, பாப்கார்ன் என் செலவு. அதற்குள் 'வெக்கை'யைப் படித்துவிடுங்கள். மெலிந்த புத்தகம்தான், கூரியரில் அனுப்பியிருக்கிறேன், அத்தை கையெழுத்துப் போட்டு வாங்கியதாகத் தகவல் வந்துவிட்டது.

அன்புடன்,
உங்கள் மருமகள்