பச்சரிசியும் இரண்டு மாத்திரையும்

அன்புள்ள கோமதி,

தை மாதம் வந்த உன் கடிதத்துக்கு ஆடியில் பதில் எழுதுகிறேன். திட்டாதே. பேனாவை எடுத்தாலே கொட்டாவி வந்தது. இங்கே எல்லோரும் நலம். அவருக்கு மாற்றல் வந்து, ரத்தாகி, மறுபடி வந்திருக்கிறது. அது கிடக்கட்டும்.

நாலாம் வகுப்பில் நீ பல்பம் தின்று மாட்டிக்கொண்டபோது முதலில் சிரித்தவள் நான்தான். இப்போது நீ சிரித்துக்கொள். போன மார்கழியில் அரிசி டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பச்சரிசியை அள்ளி அள்ளி மென்றுகொண்டிருந்தேன். மகள் பார்த்துவிட்டு இரத்தப் பரிசோதனைக்கு இழுத்துப் போனாள். ஹீமோகுளோபின் 8.6. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே சோகையாம்.

இரும்பு மாத்திரை ஆரம்பித்தேன். கூடவே முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், மாமியார் உபயத்தில் வாரம் இரண்டு முறை சுவரொட்டி. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் 8.9! அந்த 0.3-க்காகவா இவ்வளவு சுவரொட்டி தின்றேன் என்று அழுகையே வந்துவிட்டது.

அப்புறம்தான் வேறொரு டாக்டரம்மாவைப் பார்த்தோம். ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, "குளிருதா? மலச்சிக்கல் இருக்கா? மாசா மாசம் தூரம் எத்தனை நாள்?" என்று கேட்டார். பங்குனி வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொல்லி நான் போடும் சண்டையை மகள் போட்டுக் கொடுத்தாள். எட்டு நாள், ஒன்பது நாள் படுவதை நானே சொன்னேன். நாற்பத்தேழு வயதில் இதெல்லாம் அப்படித்தான் என்று சும்மா இருந்திருக்கிறேன், பார். தைராய்டு குறையக் குறைய இரத்தத்தில் ஏறுகிற டிஎஸ்ஹெச் என்ற ஹார்மோனைப் பார்த்தால் 42. நாலைத் தாண்டினாலே கொஞ்சம் யோசிப்பார்களாம்.

தைராய்டு குறைந்தால் உடம்பு முழுக்க மந்தமாகி, ஆக்சிஜன் தேவையும் குறைந்துவிடுகிறது. சிறுநீரகம் அதைப் பார்த்து, எலும்பு மஜ்ஜையை முடுக்கிவிடும் எரித்ரோபோயட்டின் என்ற ஹார்மோனைக் குறைத்துக்கொள்கிறது. சிவப்பணு உற்பத்தி படுத்துவிடுகிறது. அது ஒரு பக்கம். தைராய்டு குறைவால் தூரமும் அதிகமாகி, உள்ள இரும்பும் போய்விடுகிறது. வயிற்றில் அமிலம் குறைவதால் தின்கிற இரும்பும் சரியாக ஏறுவதில்லை. இதில் கொடுமை என்னவென்றால், தைராய்டு சுரப்பி தன் ஹார்மோனைச் செய்யும் நொதிக்கே இரும்பு வேண்டுமாம். இது இல்லாமல் அது இல்லை, அது இல்லாமல் இது இல்லை. நம் ரெண்டாம் பெஞ்சுக் கணக்கு நோட்டு மாதிரி.

சரி, வியாதி தெரிந்துவிட்டது, மாத்திரையும் வந்துவிட்டது, கதை முடிந்தது என்றுதானே நினைக்கிறாய்? உன் தோழியை உனக்குத் தெரியாதா? காலையில் தைராய்டு மாத்திரை, இரும்பு மாத்திரை இரண்டையும் சேர்த்து வாயில் போட்டு, சூடாக ஒரு டம்ளர் காபி. ஒரே வேலையாக முடிந்ததே என்று பெருமை வேறு. ஆறு வாரம் கழித்து டிஎஸ்ஹெச் 31-ல் நின்றது. எப்படிச் சாப்பிடுகிறேன் என்று சொன்னதும் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இரும்பும் தைராய்டு மருந்தும் குடலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமாம், நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டுமாம். மிச்சம் மீதி இருந்ததைக் காபி கெடுத்திருக்கிறது.

இப்போது ஆறு மணிக்குத் தைராய்டு மாத்திரை. ஏழு மணிவரை காபி கிடையாது. அந்த ஒரு மணி நேரம் என்னிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. பதினொரு மணிக்கு எலுமிச்சைச் சாற்றோடு இரும்பு. போன வாரம் டிஎஸ்ஹெச் 9, ஹீமோகுளோபின் 10.2. அரிசி டப்பா பக்கம் போவதில்லை.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டி எழுதியதற்கு வேறு காரணம் இருக்கிறது. அம்மாவுக்கு உள்ளங்கால் மரத்துப்போகிறது, செருப்பு கழன்றதுகூடத் தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். வயசு என்று விட்டுவிடாதே, கோமதி. அம்மா இருபது வருஷமாகத் தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குகிற வகை என்றால், சிலருக்கு அது வயிற்றையும் தாக்கி பி12 வைட்டமினை ஏறவிடாமல் செய்துவிடும். அதிலும் சோகை வரும், நரம்பும் கெடும். நாள் கடந்தால் நரம்பு பழையபடி திரும்பாமல் போகலாம். இந்த வாரமே பி12 பார்த்துவிட்டு எனக்கு நம்பரை எழுது. கடிதம் வேண்டாம், போனே பண்ணு.

மணி பதினொன்று ஆகிவிட்டது. எலுமிச்சம்பழம் நறுக்கப் போகிறேன்.

உன்,
வசந்தா