உன் பெயருக்கு எதிரே பூஜ்யம் போடாதே

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பட்ஜெட்டைப் பார்த்தேன். கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. ஆனால் கதை, திரைக்கதை, இயக்கம், தயாரிப்பு என்று எங்கெல்லாம் உன் பெயர் வருகிறதோ அங்கெல்லாம் பூஜ்யம் போட்டிருக்கிறாய். "நம்ம படம்தானேம்மா, எனக்கு எதுக்குச் சம்பளம்" என்பாய். சினிமா கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதியே ஓய்வு பெற்றவள் நான். மற்ற விஷயத்தில் எப்படியோ, இந்த ஒன்றில் நான் சொல்வதைக் கேள்.

சம்பளம் இல்லாத ஆளின் நேரத்துக்குக் கணக்கு இருக்காது. டைரக்டர் எடிட்டிங் அறையில் கூடுதலாக ஒரு மாதம் உட்கார்ந்தால் தயாரிப்பாளருக்கு வலிக்க வேண்டும். இலவச டைரக்டர் என்றால் வலிக்காது. நாளைக்குப் படத்தை வாங்க வருகிறவர்களும் செலவு எவ்வளவு என்றுதான் முதலில் கேட்பார்கள். உன் உழைப்பைச் சேர்க்காத தொகையை நீ சொன்னால், பேரம் அதிலிருந்துதான் கீழே இறங்கும். நியாயமான தொகையை எழுது. இப்போது கையில் இல்லையென்றால் "பின்னர் தர வேண்டியது" என்று போடு. எதிர்பாராத செலவுக்கு வழக்கமாக ஒதுக்கும் 10 சதவீதத்தையும் காணோம், அதையும் சேர்.

அப்புறம், திரைக்கதை. எழுதும்போது உனக்குள் இருக்கும் தயாரிப்பாளரைப் பக்கத்தில் சேர்க்காதே. முதல் டிராஃப்ட் முடியும் முன்பே அவன் வந்துவிட்டால் கூட்டம் இரண்டு பேராகும், இரவு பகலாகும், கதை சப்பென்று போய்விடும். இரண்டாவது டிராஃப்ட்டுக்கு அவனைக் கட்டாயம் கூப்பிடு. பதினெட்டாவது சீனில் "வெளியே, இரவு, மழை" என்று எழுதியிருக்கிறாய். தாளில் அது ஒரு வரி. ஸ்பாட்டில் அது தண்ணீர் டேங்கர், மழைக் குழாய், ஜெனரேட்டர், மழை தெரியப் பின்னாலிருந்து அடிக்கும் லைட், நனையாத கேமரா உறை. ஒவ்வொரு டேக்குக்கும் நடிகர்கள் காய்ந்த உடைக்கு மாற வேண்டும், அதனால் ஒரே சட்டையில் நாலைந்து. தலைமுடி காய்கிற வரை மொத்த யூனிட்டும் சும்மா நிற்கும். அந்த மழை இல்லாமல் அவள் அந்தக் கதவைத் தட்ட மாட்டாள் என்றால் வைத்துக்கொள், நானே வவுச்சர் எழுதித் தருகிறேன். அழகுக்கு என்றால் எடுத்துவிடு.

சாப்ளினை உதாரணம் காட்டுகிறாய். அவர் 1919-ல் மூன்று பேரோடு சேர்ந்து யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற விநியோகக் கம்பெனியைத் தொடங்கியதால் விநியோகத்தில் அவருக்கும் பங்கு இருந்தது. ஸ்டுடியோவும் சொந்தம். அதனால்தான் எல்லாரும் பேசும் படத்துக்குப் போன பிறகும் 1931-ல் வசனமே இல்லாத 'சிட்டி லைட்ஸ்' அவரால் கொடுக்க முடிந்தது. உன்னிடம் இருப்பது வாடகை கேமரா.

எனக்குப் பிரெஞ்சு டைரக்டர் ஜாக் தாத்தி ஞாபகம்தான் அடிக்கடி வருகிறது. 'ப்ளேடைம்' படத்துக்காகப் பாரிஸ் ஓரத்தில் ஒரு குட்டி நகரத்தையே செட் போட்டார். 1967-ல் படம் வந்தது. இன்று கொண்டாடுகிறார்கள், அன்று கடன் கழுத்தை நெரித்தது. அந்தப் படத்தோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை, முன்னால் எடுத்த நல்ல படங்களின் உரிமையும் சேர்ந்து கைவிட்டுப் போனது. அமெரிக்க டைரக்டர் கொப்போலா சொத்தை அடகு வைத்து எடுத்து, 1979-ல் வந்த போர்ப்படத்தில் தப்பித்துக்கொண்டார். 1982-ல் வந்த படத்துக்காக லாஸ் வேகாஸையே தன் ஸ்டுடியோவுக்குள் செட் போட்டவர், அது ஓடாததால் அந்த ஸ்டுடியோவை விற்றுவிட்டு, கடனை அடைக்கப் பல வருஷம் அடுத்தவர்களுக்குப் படம் எடுத்துக் கொடுத்தார். திறமை இல்லாதவர்களா இவர்கள்?

அதனால், இந்தப் படத்தின் கடன் இதோடு நிற்க, இதற்கென்று தனிக் கம்பெனி பதிவு செய். உன் கதையின் உரிமையை அந்தக் கம்பெனிக்கு எழுத்து மூலமாகக் கொடு. எனக்கு நானே ஒப்பந்தம் போடுவதா என்று சிரிக்காதே. வாங்குகிறவரின் வக்கீல் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். அடுத்த கதையை எந்தக் காரணத்துக்காகவும் இந்தக் கடனுக்கு ஈடாக வைக்காதே. ஃபைனான்சியர் தனிப்பட்ட ஜாமீன் கேட்டால் கையெழுத்துக்கு முன் எனக்கு போன் பண்ணு, ராத்திரி எத்தனை மணியானாலும் சரி.

இன்னொன்று. செக்கில் இரண்டு கையெழுத்து இருக்கட்டும்: உன்னுடையது ஒன்று, செலவைக் கவனிக்கும் எக்ஸிகியூட்டிவ் புரொட்யூசருடையது ஒன்று. அந்த ஆள் உன் நண்பனாக இருக்கக் கூடாது, உன் ரசிகனாக இருக்கவே கூடாது. வெளிச்சம் போகிற நேரத்தில் நீ "இன்னும் ஒரே ஒரு டேக்" என்று நிற்பாய். டைரக்டராக அது உன் வேலை. "இன்றைக்குப் போதும், பேக்கப்" என்று சொல்ல உன்னிடம் சம்பளம் வாங்கும் ஒருவருக்குத் தைரியம் வர வேண்டுமே. அதை முதல் நாளே யூனிட் முன்னால் வைத்து அவருக்குக் கொடுத்துவிடு. என்னைக் கேட்டால், ஹீரோவைத் தேடுவதற்கு முன்னால் இந்த ஆளைத் தேடு.

திருத்திய பட்ஜெட்டை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. பதினெட்டாவது சீனை அப்பாவும் படித்தார். மழை இருக்கட்டும் என்கிறார், அவருக்கென்ன, டேங்கருக்குப் பணம் அவரா கொடுக்கப் போகிறார்.

அன்புடன்,
அம்மா