ஓரடி பின்னால் நின்றவர்களுக்கு

எங்கள் தெருக்காரர்களுக்கும், சொந்தபந்தங்களுக்கும், தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும் வணக்கம்.

நேற்று சாயங்காலம் கைத்தடி இல்லாமல் மகாமகக் குளத்தை ஒரு சுற்று சுற்றி வந்தேன். நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். வலது முட்டியை மாற்றி நேற்றோடு 14 வாரம். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2016 மகாமகத்தில் குளத்துப் படியில் இறங்கிவிட்டு, ஏற முடியாமல் நின்றேன். 31 வருஷம் கரும்பலகை முன்னால் நின்ற கால். அதற்கப்புறம் தைலம், முட்டிப் பட்டை, ஊசி என்று பல வருஷம் ஓட்டினேன். எக்ஸ்ரேயைக் காட்டி, குருத்தெலும்பு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறது என்று விளக்கிய டாக்டர் என்னை அவசரப்படுத்தவே இல்லை. "ராத்திரி வலி எழுப்பி விடுதா? தெருமுனைக் கடைக்குப் போகவே யோசிக்கிறீங்களா? ரெண்டுக்கும் ஆமாம்னா சொல்லுங்க, பேசலாம்" என்றார். சொல்ல எனக்கு ஐந்து மாதம் ஆனது. அதுவரை காத்திருந்தார். அவருக்கு என் முதல் நன்றி.

முகம் தெரியாத சிலருக்கும் நன்றி சொல்ல வேண்டும். என் அக்கா 2014-இல் செயற்கை மூட்டின் விலையைக் கேட்டே வேண்டாம் என்று வந்துவிட்டாள். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு அதற்கு உச்சவரம்பு விலை வைத்தது. பரவலாகப் பொருத்தப்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு அப்போது வரி நீங்கலாக 54,720 ரூபாய். அதற்காகப் போராடியவர்கள் யாரோ, எந்த ஊரோ. என்னைப் போன்ற ஓய்வூதியக்காரிகளுக்கு அவர்கள் செய்தது பெரிய உபகாரம்.

ஆபரேஷனுக்கு மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார்கள். அன்று ராத்திரி வலியில் தூங்காமல் கிடந்தபோது, நர்ஸ் தங்கச்சி ஒருத்தி மாத்திரை கொடுத்துவிட்டுப் போய்விடாமல், பக்கத்தில் நின்று என்னோடு சேர்ந்து பாதத்தை மேலும் கீழும் அசைத்துக் காட்டினாள். ரத்தம் உறையாமல் இருக்க அந்தப் பயிற்சி. அவள் பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டேன். இன்னும் மனசு கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி. குளியலறை வரை பதினோரு அடி நடக்க வேண்டும். என் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்தார், என்னைத் தொடவில்லை. எதிர்ச் சுவரில் அவருடைய நிழல் தெரிந்தது. இரண்டு கையும் என் இடுப்புக்கு ஒரு சாண் தள்ளி, பிடிக்கத் தயாராக, அப்படியே என்னோடு நகர்ந்து வந்தன. 42 வருஷத்தில் அவர் எனக்குச் செய்ததிலேயே பெரியது அதுதான்.

பிசியோ பொண்ணைப் பற்றி எழுத இந்தக் கடிதம் போதாது. முட்டிக்குக் கீழே தலையணை வைத்துச் சுகமாகப் படுத்திருந்தேன். வந்ததும் அதை உருவி, துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்தாள். முட்டியை மடித்தே வைத்தால் கால் நேராக நீளாமல் போய்விடுமாம். பெரிய கோணமானி மாதிரி இரண்டு கை உள்ள கருவியை வைத்து, எவ்வளவு மடங்குகிறது என்று நாள்தோறும் அளந்து நோட்டில் குறித்தாள். கணக்கு டீச்சரான எனக்கு அந்த எண்களே தைரியம் கொடுத்தன. மூன்றாவது வாரம் வலிக்குப் பயந்து இரண்டு நாள் பயிற்சி செய்யாமல் படுத்துவிட்டேன். 82 டிகிரி 74-க்கு இறங்கிவிட்டது. அழுதேன். அவள் திட்டவில்லை. ஐஸைத் துண்டில் சுற்றி முட்டிமேல் வைத்துவிட்டு, "சரி டீச்சர், இன்னிக்கு 74-லேருந்து" என்றாள். 90 வந்த அன்று, நாற்காலியின் கையைப் பிடிக்காமல் எழுந்தேன்.

கெண்டைக்கால் திடீரென்று வீங்கிய விடிகாலை, கூப்பிட்ட பத்து நிமிஷத்தில் வந்து நின்ற ஆட்டோ தம்பிக்கு நன்றி. தஞ்சாவூர் வரை 40 கிலோமீட்டர், பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டினார். ஸ்கேனில் ரத்தக்கட்டு இல்லை என்று தெரியும்வரை அங்கேயே இருந்தார். கால்மிதிகளையெல்லாம் சுருட்டிப் பரணில் போட்டு, கீழ்த்தட்டுப் பாத்திரங்களை என் கைக்கு எட்டும்படி மேலே மாற்றி வைத்த வேலைக்கார அக்கா, பத்து நாள் சமைத்துப் போட்ட சித்தி மகள், குளியலறையில் கைப்பிடிக் கம்பி பொருத்திக் கொடுத்த பிளம்பர் அண்ணன், எல்லோருக்கும் நன்றி.

எதிர்வீட்டுப் பாப்பா தினமும் காலையில் எங்கள் வாசலில் கோலம் போடுகிறாள். இனி நான் குந்தி உட்காரக் கூடாது. திண்ணையில் இருந்தபடி "15 புள்ளி, ஊடுபுள்ளி 8 வரை" என்று சொல்வேன், அவள் வைப்பாள். என் வாசலை ஒருநாள் கூட அவள் வெறுமையாக விட்டதில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்கு வாருங்கள். காபி நான் போடுகிறேன், தட்டில் வைத்து நானே கொண்டு வருகிறேன். பாதி வழியில் யாரும் எழுந்து வந்து தட்டை வாங்கிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் கணக்கு டீச்சர்,
கும்பகோணம்