குறை தீர்ந்ததாமே, யாருக்கு?

ஆசிரியருக்கு,

வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூப்பிட்டால் முதலில் மொழி, அப்புறம் பிரிவு, அப்புறம் கணக்கு எண் என்று வரிசையாக அழுத்தச் சொல்கிறார்கள்; நம் பிரச்சினை மட்டும் அந்தப் பட்டியலில் இருக்கவே இருக்காது. ஒருவழியாக ஆள் கிடைத்தால் அவரும் மறுபடி கணக்கு எண்ணைத்தான் கேட்கிறார். சரி, இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். யாரும் எதுவும் செய்யாமலே 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று ஒரு குறுஞ்செய்தி வருகிறதே, அதன் பின்னாலேயே எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று இன்னொன்று, அதைத்தான் தாங்க முடியவில்லை.

இது தற்செயல் இல்லை. ஊழியரிடம் போகாமலே எத்தனை அழைப்புகள் முடிந்தன என்பதை இந்தத் தானியங்கி அமைப்புகளின் முக்கிய வெற்றியாகக் கணக்கு வைக்கிறார்கள். வெறுத்துப்போய் போனை வைத்தவரும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடலாம்!

அரசு இணையதளங்கள் மட்டும் என்ன வாழ்கிறதாம்? ஆவணத்தைப் பதிவேற்றினால் 'நிராகரிக்கப்பட்டது' என்று வரும், காரணம் வராது, நேரில் போய்க் கேட்டால் ஆன்லைனில் போடுங்கள் என்பார்கள்.

2024ல் கனடாவில் ஒரு தீர்ப்பாயம், ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட், அதாவது கேட்பதற்குத் தானாகவே பதில் எழுதும் மென்பொருள், ஒரு பயணிக்குச் சொன்ன தவறான தகவலுக்கு அந்த நிறுவனமே பொறுப்பு என்று சொல்லி இழப்பீடு தரவைத்தது. சாட்பாட் சொன்னதற்கு அதுவேதான் பொறுப்பு என்கிற மாதிரி நிறுவனம் வாதாடிப் பார்த்தது, எடுபடவில்லை.

எல்லா இடத்திலும் இந்தப் பொறுப்பு வர வேண்டும். புகாரை மூடும் பொத்தானையும் புகார் கொடுத்தவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்