கவாகோயேவில் நான்கு இரவு

அன்புள்ள மீனா,

இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று விவரமாக எழுது. "பரவாயில்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதே.

உன் தம்பி மகள் அனுப்பிய ஜப்பான் சுற்றுலாத் திட்டத்தைப் பார்த்தேன். எட்டு நாளில் ஐந்து ஊர். தினமும் விடியற்காலையில் பெட்டியைக் கட்டி பஸ்ஸில் ஏற்ற வேண்டும். ஃபூஜி மலைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். படித்து முடிக்கும்போதே எனக்கு மூச்சு வாங்கியது. உனக்கு ஏன் இந்த ஓட்டம்? இன்னும் முன்பணம் கட்டவில்லை என்றால் கட்டாதே. நான் ஒரு யோசனை சொல்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே வெட்டிவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கடைசிவரை படி.

கார்த்திகையில் நான் டோக்கியோவுக்கு மகள் வீட்டுக்குப் போகிறேன். ஐப்பசியில் உன் அம்மாவின் தலைத்திவசம் முடிந்துவிடும். அதுவரை எங்கும் நகரமாட்டேன் என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. திவசத்தை நல்லபடியாக முடித்துவிட்டு என்னோடு கிளம்பு. மகள் இருப்பது நிஷிகசாய் என்ற பகுதி. நம்மவர்கள் நிறையப் பேர் அங்கே குடியிருக்கிறார்கள், பருப்பும் புளியும் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் அவள் வீடு சின்னது. பேரன் ராத்திரி பதினோரு மணிவரை பந்து உருட்டுவான். அங்கே இரண்டு நாள் இருந்துவிட்டு, நாம் இரண்டு பேர் மட்டும் கவாகோயே என்ற ஊருக்குப் போய் நான்கு இரவு தங்கலாம்.

டோக்கியோவுக்கு வடமேற்கே, சைதாமா மாகாணத்தில் இருக்கிறது. இகெபுகுரோ என்ற பெரிய ஜங்ஷனில் ரயில் ஏறினால் அரை மணி நேரம்தான். மூன்றரை லட்சம் ஜனம் வாழும் ஊர். காலையில் நிறையப் பேர் டோக்கியோவுக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள் என்று மகள் சொல்வாள். பகலில் டோக்கியோக்காரர்கள் ஊர் பார்க்க வந்து குவிவார்கள், அதிலும் சனி ஞாயிறு கடைத்தெருவில் தோள் இடிக்கும். சாயங்காலம் கடைகளைச் சாத்தியதும் வந்த கூட்டம் ரயிலேறிவிடும். போன முறை பகல்பொழுதுக்கு மட்டும் போயிருந்தேன். எல்லோரும் ஸ்டேஷனைப் பார்த்து நடந்தபோது, நமக்கு இங்கே ஒரு அறை இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றுதான் தோன்றியது. அதனால் திங்கட்கிழமை போய் வெள்ளிக்கிழமை திரும்புவதாக வைத்துக்கொள்வோம்.

சரி, உனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். சுவர்!

பொதுப்பணித்துறையில் எத்தனை கட்டடம் எழுப்பியிருப்பாய், இப்படி ஒரு தெருவைப் பார்த்திருக்கமாட்டாய். 1893-இல் இந்த ஊரில் பெருந்தீ பிடித்து மூன்றில் ஒரு பங்கு எரிந்துபோனது. மர வீடுகள் எல்லாம் சாம்பல். அந்தச் சாம்பலுக்கு நடுவே சில கட்டடங்கள் மட்டும் அப்படியே நின்றன. 1792-இல் கட்டிய ஓசாவா வீடு அவற்றில் ஒன்று. எல்லாமே மரச்சட்டத்தின்மேல் மண்ணை அடுக்கடுக்காகப் பூசி, வெளியே சுண்ணாம்புப் பூச்சு கொடுத்தவை. சரக்கு வைக்கும் கிடங்குகளை அந்த முறையில்தான் கட்டுவார்கள். பிழைத்து நின்றது எது, ஏன் நின்றது என்று வியாபாரிகள் கண்ணால் பார்த்தார்கள். மறுபடி கட்டும்போது கடையையே கிடங்கு முறையில் கட்டினார்கள். அந்தத் தெரு இன்றும் நிற்கிறது. கரிய பூச்சு, கனத்த ஓட்டுக்கூரை. பார்வையைக் கெடுக்கக் கூடாது என்று மின்கம்பிகளைப் பூமிக்கு அடியில் கொண்டுபோய்விட்டார்கள். 1999-இல் அரசாங்கம் அந்தப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட மரபுக் கட்டடப் பகுதியாக அறிவித்தது.

மாடி ஜன்னல் கதவுகளை நீ கிட்டே நின்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு கதவும் ஒரு சாண் கனம் இருக்கும், அதுவும் மண்தான். அதன் ஓரத்தைப் படிக்கட்டு போலச் செதுக்கியிருக்கிறார்கள். இரண்டு கதவையும் சேர்த்தால் ஒன்றின் படி மற்றொன்றின் படிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. நெருப்பு நெருங்கினால் கதவைச் சாத்தி, மிச்ச இடுக்கையும் ஈர மண்ணால் அடைப்பார்களாம். காற்று போகாது, தணல் போகாது. நான் வாத்தியார் வேலை பார்த்தவள், எனக்கே அந்த இடத்தை விட்டு நகர மனசு வரவில்லை. நீயாக இருந்தால் பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்திருப்பாய். டேப்பை மறக்காமல் கொண்டுவா.

தெருவுக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு மர மணிக்கூண்டு இருக்கிறது. அதுவும் அதே தீயில் போய், மறு வருஷமே திரும்பக் கட்டியது. காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மூன்று, மாலை ஆறு என்று தினமும் நான்கு வேளை அடிக்கிறது. மூன்று மணி அடித்தபோது நான் அடியில் நின்றேன். பகல் கூட்டத்துக்கு ஆறு மணி அடிப்பது இரண்டு வேளையும் கேட்காது. அங்கே தங்கினால் நமக்குக் கேட்கும்.

சாப்பாடு பற்றி நீ கவலைப்படுவாய், அதில் நியாயம் இருக்கிறது. அங்கே காய்கறிச் சூப்பிலும் நூடுல்ஸ் குழம்பிலும் அடியில் காய்ந்த மீனைச் சீவிப்போட்டுக் கொதிக்கவைத்த சாறு இருக்கும். "மீன் போட்டிருக்கிறதா" என்று கேட்டால் இல்லை என்றுகூடச் சொல்வார்கள், ஏனென்றால் துண்டு இல்லையே. அதனால் அடுப்பு வசதி உள்ள அறையாகத்தான் எடுக்கப்போகிறேன். நிஷிகசாயிலிருந்து அரிசி, பருப்பு, தயிர் எடுத்துப்போவோம். நீ வத்தல், ஊறுகாய், பருப்புப்பொடி கொண்டுவா. நொறுக்குத்தீனிக்குப் பஞ்சமில்லை. அந்த ஊர் சர்க்கரைவள்ளிக் கிழங்குக்குப் பேர் போனது, சுட்டது, வறுத்தது, ஐஸ்கிரீம் என்று எதை எடுத்தாலும் கிழங்குதான். மிட்டாய்க்கடைகள் மட்டுமே உள்ள ஒரு சந்தும் இருக்கிறது. 1923 பூகம்பத்தில் டோக்கியோ நொறுங்கியபோது அங்கே மிட்டாய் செய்ய ஆளில்லை, இந்தச் சந்துதான் செய்து அனுப்பியதாம். சாரதாவை அங்கே விட்டால் திரும்பி வரவேமாட்டாள். (அவள் இன்னும் அந்தக் குடையைத் தரவில்லை. பேத்தி கல்யாணத்தில் கேட்டேன், சிரிக்கிறாள்.)

இனி நான் எழுதப்போவதை நிதானமாகப் படி.

அந்த ஊரில் கிதாயின் என்று ஒரு கோயில். புத்த மடம், 830-இல் தோன்றியது என்கிறார்கள். 1638-இல் அதுவும் எரிந்தது. அப்போது ஜப்பானை ஆண்ட ஷோகன் இயெமித்சு, எடோ (டோக்கியோவின் பழைய பெயர்) கோட்டையில் இருந்த தன் அரண்மனை அறைகளைப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே நிறுத்தச் சொன்னான். அவன் பிறந்ததாகச் சொல்லும் அறையும் இருக்கிறது, அவனுக்குப் பால் கொடுத்து வளர்த்த கசுகா அம்மையார் அலங்காரம் செய்துகொண்ட அறையும் இருக்கிறது. எடோவில் அந்த அரண்மனை பின்னால் தீயில் போய்விட்டது. எரிந்த கோயிலுக்குத் தானமாக வந்த அறைகள்தான் பிழைத்திருக்கின்றன.

அந்த வளாகத்திலேயே, ஒரு வேலிக்குள், ஐந்நூறுக்கும் மேற்பட்ட கல் சிலைகள். புத்தரின் சீடர்கள். 1782-இல் தொடங்கி 1825 வரை செதுக்கியிருக்கிறார்கள். ஒன்று போல் இன்னொன்று இல்லை. ஒருவர் பக்கத்தில் இருப்பவர் காதில் ரகசியம் சொல்கிறார், ஒருவர் வாய்விட்டுச் சிரிக்கிறார், ஒருவர் எதையோ இழந்தவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். முழங்கால் உயரம்தான், நாம் குனிந்து பார்க்க வேண்டும். ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறதாம். நடு ராத்திரியில் வந்து இருட்டில் ஒவ்வொரு தலையாகத் தடவிப் பார்த்தால், ஒன்று மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும். அதில் அடையாளம் வைத்துவிட்டு விடிந்ததும் வந்து பார்த்தால், இறந்துபோன தாய் தகப்பன் முகம் அதில் தெரியும்.

மகள் இதைச் சொன்னபோது எனக்கு உன் நினைவுதான் வந்தது, மீனா. பத்து வருஷத்துக்கு மேல் அம்மாவைத் தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, ஊட்டிவிட்டவள் நீ. ராத்திரி இரண்டு மணிக்கு இருமல் சத்தம் கேட்காமலேயே இப்போதும் எழுந்து உட்காருகிறேன் என்று ஆடியில் சொன்னாயே. அன்று போனில் உனக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதன்பிறகு நீ அதைப் பற்றிப் பேசவே இல்லை. தம்பி மகள் எந்த விண்ணப்பத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போடுகிறாய், எங்கே என்றுகூடக் கேட்பதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. எட்டு நாள் பஸ்ஸில் உட்கார்ந்து கொடி பிடித்தவர் பின்னால் ஓடினால் உடம்புதான் அசரும், துக்கம் உள்ளேயேதான் இருக்கும். உனக்கு வேண்டியது வேலையே இல்லாத ஒரு காலைப்பொழுதும், கேட்டால் கேட்கிற தூரத்தில் ஒரு ஆளும்.

ராத்திரியில் அங்கே விடமாட்டார்கள், கதவு பூட்டியிருக்கும். பகலில் போவோம். நீ பார்க்க விரும்பினால் பார்க்கலாம், வேண்டாம் என்றால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். நவம்பர் கடைசியில் அந்தக் கோயில் மேப்பிள் மரங்கள் சிவந்திருக்கும். தட்டையான ஊர், ஏற்ற இறக்கம் கிடையாது, உன் முழங்காலுக்குச் சிரமம் இல்லை. கால் வலித்தால் ஊரைச் சுற்றுகிற பஸ் இருக்கிறது.

குளிர் நம் கொடைக்கானல் மார்கழி அளவுக்கு இருக்கும். கம்பளிச் சட்டை ஒன்று போதும், இன்னொன்று மகளுடையது. அறைக்கு நான் பணம் கட்டுகிறேன், விமான டிக்கெட் அவரவருடையது. கணக்கு வைத்து என்னோடு சண்டை போடாதே. தஞ்சாவூர் லாட்ஜ் மாதிரி ஆகாது, சத்தியமாகச் சொல்கிறேன்.

உன் பாஸ்போர்ட் எதுவரை செல்லும் என்று முதலில் பார்த்துச் சொல். விசாவுக்கு மகள் அழைப்புக் கடிதம் அனுப்புவாள், அதற்கு உன் பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி எழுத்து எழுத்தாக வேண்டும். ஆவணி முடிவதற்குள் அறை பதிவு செய்தாக வேண்டும், இலை சிவக்கும் நாளில் இடம் கிடைக்காது. தம்பி மகளிடம் நீ பேசக் கூச்சப்பட்டால் நானே பேசுகிறேன், அவள் நல்ல பெண், புரிந்துகொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுகிறேன். அதற்குள் வேண்டாம் என்று முடிவு பண்ணிவிடாதே.

அன்புடன்,
வசந்தா