மரவேலை மன்றம், குன்னூர்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

'வந்திருக்கும்' என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டேன். அழைப்பு அனைவருக்கும் போனது.

ஆண்டில் நடந்திருக்க வேண்டிய பன்னிரண்டு மாதக் கூட்டங்களில் ஒன்பது நடந்தன. இரண்டு கூட்டங்கள் கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை) இல்லாமல் கலைந்தன. ஒன்று, மழையில் மரம் விழுந்து மின்சாரம் போனதால் நடக்கவில்லை. ஜூலையில் உளி தீட்டும் பயிற்சி நடந்தது. ஆயுத பூஜை வழக்கம்போல் சிறப்பாக நடந்தது. இழைப்புளி, ரம்பம், லேத் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துப் பொரி, சுண்டல் வழங்கப்பட்டது. அன்றைக்கு மட்டும் வருகைக்குக் குறைவில்லை. பட்டறைக் கூரை ஒழுகல் அடைக்கப்பட்டது. மறைந்த மூத்த உறுப்பினர் ஒருவருக்கு இரண்டு நிமிடம் மௌனம் காத்தோம். அவருடைய கருவிப் பெட்டியைக் குடும்பத்தார் மன்றத்துக்கே கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு நன்றி.

இனி ஆண்டுப் போட்டி. இதைப் பற்றித் தேநீர்க் கடையிலும் பேருந்து நிலையத்திலும் பலவிதமாகப் பேசப்படுவதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முன்பெல்லாம் யார் எதை வேண்டுமானாலும் செய்து கொண்டுவரலாம் என்று இருந்தது. அதன் லட்சணம் உங்களுக்குத் தெரியும். ஒருமுறை மேசை ஒன்று பரிசு வாங்கியது. பரிசளித்த பிறகு இழுப்பறையைத் திறந்தால், கீழே சமவெளியில் இருக்கும் ஓர் ஆசாரியின் கூலிச் சீட்டு அதற்குள்ளேயே கிடந்தது. யாருடைய மேசை என்று நான் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லப்போவதில்லை. அதற்குப் பிறகுதான் 'ஒரே பலகை' என்ற யோசனையை வைத்தேன். எல்லோருக்கும் ஒரே மரம், ஒரே அளவு: நாலடி நீளம், எட்டங்குல அகலம், ஒன்றேகால் அங்குல கனம். அதற்குள் எதைச் செய்தாலும் சரி. ஆணி, திருகு கூடாது. பொதுக்குழு கைதட்டி ஏற்றுக்கொண்டது. குறிப்பேட்டில் இருக்கிறது.

ஈட்டி மரத்தில் செய்தால் என்ன என்று ஒரு குரல் வந்தது. ஈட்டிக்கென்றே 1994-இல் ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்ததை நினைவூட்டினேன். பழைய கட்டில் காலை அறுத்து எடுத்து வருகிறேன் என்றார் மற்றொருவர். பாட்டனார் கட்டிலுக்கு இந்த மன்றத்தால் அந்தக் கதி வர வேண்டாம் என்று மறுத்துவிட்டோம். சில்வர் ஓக்தான் என்று முடிவானது. தேயிலைக்கு நிழலுக்காக நட்ட மரம், மலையெங்கும் நிற்கிறது. பெயரில்தான் ஓக், உண்மையில் அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறு இனம். விறகுக்கும் பிளைவுட்டுக்கும்தான் லாயக்கு என்று நம்மில் பலர் நினைத்திருந்தோம். நடுவிலிருந்து பட்டை நோக்கிப் போகும் வாட்டத்தில் அறுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சரிகை போட்ட மாதிரி மினுமினுக்கும். தூள் மட்டும் சிலருக்கு அரிப்பு தரும்; முழுக்கைச் சட்டை போடுங்கள்.

மரத்தைத் தோட்ட உரிமையாளர் ஒருவர் குறைந்த விலைக்குக் கொடுத்தார். மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955-இலிருந்து நடைமுறையில் இருப்பது எனக்கும் தெரியும். 'செயலாளர் சீட்டு இல்லாமல் மரம் ஏற்றினார்' என்று சொன்னவர்கள் கோப்பைப் பார்க்கலாம். அனுமதி, லாரிச் சீட்டு, அறுவைக்கூலி ரசீது மூன்றும் வரிசையாக இருக்கின்றன. பத்து மாதமாகக் கோப்பு அலமாரியில்தான் இருக்கிறது. ஒருவரும் வந்து கேட்கவில்லை.

பச்சை மரத்தை அப்படியே கையில் கொடுக்க முடியாது. அதற்காகத்தான் உலர்த்தும் கொட்டகை. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கல் மேடை, மேலே தகரம், பக்கவாட்டில் காற்று போக இடைவெளி, வெயில் நேராக விழாத வடக்குப் பார்த்த வாசல். பலகைக்குப் பலகை இரண்டடிக்கு ஒரு குறுக்குச் சட்டம், ஒன்றின் மேல் ஒன்று நேர்க்கோட்டில். வெடிக்காமல் இருக்க நுனிகளில் பழைய பெயின்ட். உச்சியில் பாறாங்கல் பாரம். 2023 ஜூனில் அடுக்கினோம். அங்குலத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு; நான் அதை மட்டும் நம்பவில்லை. ஒரு மாதிரித் துண்டை ஞாயிறுதோறும் மளிகைக் கடைத் தராசில் நிறுத்து நோட்டில் எழுதி வந்தேன். 1 கிலோ 900 கிராமில் தொடங்கியது, 1 கிலோ 150-இல் வந்து நான்கு வாரம் அசையாமல் நின்றது. அதற்குப் பிறகுதான், 2024 செப்டம்பரில், முப்பது பேருக்கு முப்பது பலகை கொடுத்தேன். நூல் பிடித்துப் பார்த்துக் கொடுத்தேன். வாங்கியவர்கள் கையெழுத்தும் இருக்கிறது.

அக்டோபர், நவம்பரில் 'பலகை வளைந்துவிட்டது, கொட்டகை சரியில்லை' என்று பேச்சு வந்தது. இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். வடகிழக்குப் பருவமழையை வாங்கும் சரிவு நம்முடையது. அந்த இரண்டு மாதமும் பனிமூட்டம் வீட்டுக்குள் வந்து உட்காரும். மரம் அறுத்த பிறகும் காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும், கக்கும். நீளவாட்டில் இது கண்ணுக்குத் தெரியாது, விளையாட்டெல்லாம் அகலத்தில்தான். மரத்தின் ஆண்டு வளையத்தை ஒட்டிய போக்கில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து வெளியே போகும் போக்கில் ஏற்படுவதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால்தான் பலகை ஓடு மாதிரிக் குழிகிறது. கொட்டகையில் இருந்த என் மாதிரித் துண்டே அந்த மழையில் முப்பது கிராம் ஏறியது, ஜனவரி வெயிலில் இறங்கியது. நோட்டில் தேதியோடு இருக்கிறது. பலகையைக் கணப்புக்குப் பக்கத்தில் சுவரில் சாய்த்து வைத்தவர் நம்மில் ஒருவர். விறகடுப்புக்கு மேல் பரணில் போட்டவர் மற்றொருவர். ஒரு முகம் வெந்து, மறுமுகம் நனைந்து கிடந்தால் எந்த மரமும் வளையும். கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்கு எடுத்துப்போய்ச் செய்து வந்தவரின் இழுப்பறை, இங்கே மழையில் திறக்கவே மறுத்தது. இதற்கும் கொட்டகைக்கும் என்ன தொடர்பு என்று எனக்குப் புரியவில்லை.

போட்டி பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு நடந்தது. மே மாதம் வையுங்கள் என்று கேட்டார்கள். சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி நடக்கும் மாதத்தில் பாதிப் பேருக்கு விடுதி, கார், கடை என்று ஓட்டம்.  தொழிற்பயிற்சியில் பல்லாண்டு தச்சுப் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற ஒருவர் மேட்டுப்பாளையத்திலிருந்து முதல் பேருந்தில் வந்து, மாலை வரை ஒவ்வொரு பொருளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இணைப்புக்கு நாற்பது, அளவுக்கு இருபது, மெருகுக்கு இருபது, பயனுக்கு இருபது என்று மதிப்பெண்.

முதல் பரிசு கேத்தியிலிருந்து வரும் நம் இளம் உறுப்பினருக்கு. சேர்ந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத பெண். அவர் செய்தது மூடி நழுவித் திறக்கும் அஞ்சறைப்பெட்டி. நான்கு மூலையும் கையால் அறுத்து, புறாவின் வால் வடிவில் கோத்த இணைப்பு. ஓர் இடத்தில்கூட மரத்தூளும் பசையும் குழைத்து அடைக்கவில்லை. நடுவர் மூடியை இழுத்துப் பார்த்துவிட்டுப் மூடி ஓடும் பக்கவாட்டுத் தவாளிப்பைக் காட்டினார். இரு பக்கமும் ஒரு நூல் அளவு இடைவெளி விட்டிருந்தார் அந்தப் பெண். "மழைக்கு" என்றார். அதே பலகைதான் அவருக்கும் கொடுத்தது. அதே செப்டம்பரில், அதே கொட்டகையிலிருந்து.

இரண்டாம் பரிசு முக்காலி, மூன்றாம் பரிசு பதினான்கு குழிப் பல்லாங்குழி. தலைவர் அவர்களின் முக்காலி வேறு; அதைப் பற்றி நடுவர் சொன்னதை இங்கே பதிவுசெய்ய வேண்டியதில்லை. அவர் உட்காரும்போது நாங்கள் எல்லோரும் பிடித்துக்கொண்டோம். நான் பலகை கொடுத்தவன் என்பதால் போட்டியில் சேரவில்லை. என் புத்தகத் தாங்கி பார்வைக்கு மட்டுமே வைக்கப்பட்டது. நல்ல பலகையை எனக்கு ஒதுக்கிக்கொண்டேன் என்பது பொய். அது அடுக்கின் அடிப்பலகை. முடிச்சு இருந்ததால் யாரும் வாங்காதது. முடிச்சு எங்கே போனது என்று நடுவரே தேடினார், அது வேறு விஷயம்.

வந்த பொருட்கள் பதின்மூன்று. கொடுத்த பலகை முப்பது. மீதிப் பதினேழு பலகைகள் எங்கே? ஒன்று டிவி பெட்டிக்குக் கீழே இருப்பதை நானே பார்த்தேன். எனக்குக் காப்பி கொடுத்தபோது அதன் மேல்தான் டம்ளரை வைத்தார்கள். இன்னொன்று கோழிக்கூட்டுக்குக் கதவாகியிருப்பதாகக் கேள்வி. செய்ய நேரமில்லை என்றால் தவறில்லை. பதினைந்து மாதம் காயவைத்த மரம், திருப்பிக் கொடுக்கலாம்.

கூட்டத்துக்கு வராததற்குக் கரடி நடமாட்டத்தைக் காரணம் சொல்கிறார்கள். கரடி வருவது உண்மைதான், காட்டெருமையும் வருகிறது. ஆனால் மாதக் கடைசி ஞாயிறு என்று தேதி பார்த்து அவை வருவதில்லை. ஜெகதளாவிலிருந்து நம் மூத்த உறுப்பினர் டார்ச் லைட்டோடு நடந்தே வருகிறார். வயது எழுபத்தாறு.

சந்தா ஆண்டுக்கு அறுநூறு ரூபாய். பாதிக்கு மேல் வரவேண்டியிருக்கிறது. சிலருக்கு இது மூன்றாம் ஆண்டு. பெயர்களைப் பலகையில் எழுதிப் போடலாம் என்று செயற்குழுவில் ஒருவர் சொன்னார். அவரும் கட்டவில்லை என்பதைப் பொருளாளர் காதில் சொன்னதால் அந்தத் தீர்மானம் எடுத்துக்கொள்ளப்படவில்லை.

கணக்கைப் பொறுத்தவரை வரவும் செலவும் ஏறத்தாழச் சமம். கொட்டகைக்கு அனுமதித்த தொகையைவிடச் சற்றுக் கூடுதலானது. தகரத்தின் விலை நான் வைத்ததல்ல. கூடுதலை யார் கையிலிருந்து போட்டார் என்பதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. ரசீதுகள் பொருளாளரிடம் இருக்கின்றன. தேதி, கையெழுத்து எல்லாம் தெளிவாகவே இருக்கும். தணிக்கை முடிந்ததும் முழு விவரம் வைக்கப்படும்.

இடம் தந்த கட்டட உரிமையாளருக்கும், பரிசுக்கு உளித் தொகுதி கொடுத்த கடைக்காரருக்கும், மதியச் சாப்பாட்டை ஏற்றுக்கொண்ட வெலிங்டன் உறுப்பினர்களுக்கும், தராசை ஞாயிறுதோறும் தொல்லையில்லாமல் பயன்படுத்த விட்ட மளிகைக் கடை அண்ணாச்சிக்கும், பொறுமை காத்த என் வீட்டாருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு முழங்கால் வலி காரணமாகப் பொறுப்பிலிருந்து விலகலாம் என்று நினைக்கிறேன். யாரும் வற்புறுத்த வேண்டாம். ஆனால் இரண்டாவது அடுக்கு இப்போதுதான் ஏறியிருக்கிறது: சில்வர் ஓக் நாற்பது பலகை, கொஞ்சம் சீகை (வாட்டில்) மரம். ஞாயிறுதோறும் மாதிரித் துண்டை நிறுக்க ஆள் வேண்டும். மழைக்கு முன் வடக்குப் பக்கத் தார்ப்பாயை இறக்க வேண்டும். பாரக்கல் நழுவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்வருகிறவருக்குக் கொட்டகைச் சாவியையும் நோட்டையும் இன்றே ஒப்படைக்கத் தயார். சென்ற ஆண்டும் இதையே சொன்னேன். சாவி இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

பலகையைத் திருப்பித் தருகிறவர்கள் கொட்டகையின் மேற்கு ஓரத்தில் வைக்கவும். தரையில் படாமல், சட்டத்தின் மேல்.

இப்படிக்கு,
செயலாளர்