எத்தனை முறை என்று முன்பே சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடியோ கேம் பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகளும் கட்டுரைகளும் பெரும்பாலும் இரண்டே கேள்விகளைச் சுற்றி வருகின்றன: பிள்ளைகள் எவ்வளவு நேரம் விளையாடுகிறார்கள், எவ்வளவு பணத்தைத் தொலைக்கிறார்கள். இரண்டும் கேட்கப்பட வேண்டியவையே. ஆனால் அந்த நேரமும் பணமும் எந்த இடத்தில் கரைகின்றன என்பதை யாரும் உள்ளே இறங்கிப் பார்த்து எழுதுவதில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. ஆக்‌ஷன் ஆர்பிஜி (ஒரு பாத்திரத்தை ஏற்று, அதை வளர்த்தபடி சண்டையிடும்) வகை விளையாட்டுகளை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக விளையாடி வருபவன் நான். கையில் இருக்கும் ஆயுதத்தையோ கவசத்தையோ விட ஒரு படி மேலான, அரிதான ஒன்றைப் பெறுவதற்காக ஒரே சண்டையைத் திரும்பத் திரும்பப் போடுவதில்தான் பெரும்பகுதி நேரம் போகிறது. அந்த முயற்சிக்கு ஓர் உச்சவரம்பு இருக்க வேண்டும், அது எத்தனை முறை என்பது விளையாடுபவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்று வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இவ்விளையாட்டுகளைத் தொட்டிராத வாசகர்களுக்காகச் சிறு விளக்கம். எதிரியை வீழ்த்தினால் பொருள்கள் விழும். இதை ‘டிராப்’ என்பார்கள். எந்த எதிரியிடம் எது விழலாம், எத்தனை சதவீத வாய்ப்பில் விழலாம் என்ற பட்டியல் நிரலுக்குள் இருக்கும். விழுந்த வாளுக்கும் கவசத்துக்கும் உள்ள பண்புகள் மறுபடியும் குலுக்கலில்தான் தீர்மானமாகின்றன. அதற்குப் பிறகு அந்தப் பொருளைக் கொல்லரிடம் கொண்டுபோய் ஒவ்வொரு நிலையாக வலுவேற்ற வேண்டும். பல விளையாட்டுகளில் அதுவும் குலுக்கலே. ஆக, நல்ல வாள் ஒன்று கைக்கு வருவதற்குள் அதிர்ஷ்டம் மூன்று வாசல்களில் நின்று வழிமறிக்கிறது.

என் அக்கா மகனுக்குப் பதினேழு வயது. சென்ற விடுமுறையில் ஒரே பாஸை (பெரிய எதிரியை) நாள் முழுவதும் வீழ்த்திக்கொண்டிருந்தான். அவனுக்கு வேண்டிய மோதிரம் ஒரு சதவீத வாய்ப்பில் விழும் என்று விளையாட்டே சொல்லியிருந்தது. மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு சண்டை முடிந்ததும் ஒரு கோடு, நான்கு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது. பக்கத்தின் அடியில் எண்ணிப் பார்த்தபோது 214 வந்தது. “நூறு தடவைக்கு ஒன்று என்றால் இந்நேரம் இரண்டு வந்திருக்க வேண்டுமே மாமா, எனக்கு மட்டும் ஏன் வரவில்லை?” என்று கேட்டான். அந்தக் குரலில் இருந்தது பேராசை அன்று; தன் மேல்தான் ஏதோ குறை என்ற எண்ணம். அதுதான் என்னை வருத்தியது.

அவன் அருகில் அமர்ந்து கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு சதவீதம் என்பது நூறாவது முறையில் கிடைத்துவிடும் என்ற வாக்குறுதி அன்று. நூறு முறை முயன்றவர்களில் சுமார் 63 சதவீதம் பேருக்கு ஒன்றாவது கிடைத்திருக்கும்; மீதி 37 சதவீதம் பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். இருநூறு முறை முயன்றும் கிடைக்காதவர்கள் 13 சதவீதம். முந்நூறு முறை முயன்றும் கிடைக்காதவர்கள் கிட்டத்தட்ட 5 சதவீதம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்குக் கிடைத்துவிட வேண்டும் என்றால் 459 முறை ஆகும், அப்போதும் ஒருவர் மிச்சம் இருப்பார். ஒவ்வொரு சண்டையும் முந்தைய சண்டைகளை மறந்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதால், அவன் போட்ட 214 கோடுகளில் ஒன்றுகூட 215-வது சண்டைக்கு உதவாது. பல இலட்சம் பேர் விளையாடும் விளையாட்டில் அந்த ஐந்து சதவீதம் என்பது பல்லாயிரம் மனிதர்கள். அவர்கள் திறமை குறைந்தவர்கள் அல்லர், சோம்பேறிகளும் அல்லர்.

வலுவேற்றும் கட்டம் இதைவிடக் கொடுமையானது. நான் சில ஆண்டுகளுக்கு முன் விளையாடிய ஒரு விளையாட்டில் என் ஈட்டி ஒன்பதாம் நிலையில் இருந்தது. பத்தாம் நிலைக்கு 30 சதவீத வாய்ப்பு. தோற்றால் ஒரு நிலை இறங்கும். ஒரு வாரம் சேர்த்த தாதுக்கற்களை ஒரே இரவில் செலவழித்தேன். ஒன்பது எட்டானது, ஏழானது, மறுபடி எட்டுக்கு ஏறியது, கடைசியில் ஆறில் வந்து நின்றது. தோல்வியில் நிலை இறங்காமல் காக்கும் கல் அதே திரையின் ஓரத்தில் காசுக்கு விற்பனைக்கு இருந்தது. மனம் சோர்ந்திருக்கும் அந்த நொடியில், கை நீட்டினால் எட்டும் தூரத்தில் அந்தப் பொத்தானை வைத்தவர்கள் தெரிந்தேதான் வைத்திருக்கிறார்கள் என்று அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். வேறு சில விளையாட்டுகளில் தோற்றால் பொருளே அழிந்துவிடும்.

இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்று இல்லை. ‘பாத் ஆஃப் எக்ஸைல்’ விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு மார்புக் கவசத்தில் ஆறு துளைகள் வரை இருக்கலாம். துளைகள் ஒன்றோடொன்று இணைந்திருந்தால்தான் அவற்றில் பதிக்கும் மணிகள் ஒன்றுக்கொன்று வலுவூட்டும். ஆறையும் இணைப்பது மிக அரிது. ‘ஃபியூஸிங்’ எனப்படும் உருண்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டு அதிர்ஷ்டத்தைப் பார்க்கலாம். முதல் உருண்டையிலேயே அமைந்தவர்களும் உண்டு, ஆயிரக்கணக்கில் போட்டும் அமையாதவர்களும் உண்டு. ஆனால் அதே விளையாட்டில் பட்டறை மேசை ஒன்று இருக்கிறது. அங்கே 1,500 உருண்டைகளைக் கொடுத்தால் ஆறு இணைப்பும் உறுதி, குலுக்கல் கிடையாது. விலை அதிகம்தான். ஆனால் அது ஓர் எண். அந்த எண்ணை நோக்கி நாள்தோறும் சேர்க்கலாம், இன்றைக்கு எவ்வளவு நெருங்கினோம் என்று பார்க்கலாம்.

‘லாஸ்ட் ஆர்க்’ இன்னொரு வழியைக் கண்டது. அதில் கியரை, அதாவது ஆயுதத்தையும் கவசத்தையும், வலுவேற்றும்போது தோற்றால் நிலை இறங்காது. அதோடு, ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு பட்டை சிறிது சிறிதாக நிரம்பும். அது நூறு சதவீதம் ஆனதும் அடுத்த முயற்சி கட்டாயம் வெற்றி பெறும். தோற்ற முயற்சியும் கணக்கில் ஏறுகிறது. ‘எல்டன் ரிங்’ விளையாட்டில் ஆயுதத்தை வலுவேற்றுவதில் குலுக்கலே இல்லை. சாதாரண ஆயுதங்களுக்கு 25 நிலைகள், சிறப்பு ஆயுதங்களுக்கு 10 நிலைகள். கடைசி நிலைக்குத் தேவையான பழம்பெரும் டிராகன் கல் ஒருசில மட்டுமே உண்டு என்றாலும் அவை இருக்கும் இடங்கள் மாறுவதில்லை. தேடிப் போனவருக்குக் கிடைக்கும். அந்தக் கல் அரியது இல்லை என்று அதை விளையாடிய எவரும் சொல்ல மாட்டார்கள்.

‘டயாப்லோ 3’ இதைப் பட்டுத் தெரிந்துகொண்ட விளையாட்டு. 2012 மே மாதம் வெளியானபோது, நமக்கு விழும் நல்ல பொருள்கள் பெரும்பாலும் நம் பாத்திரத்துக்குப் பொருந்தாதவையாகவே இருந்தன. நல்ல கியர் வேண்டுவோர் விளையாட்டுக்குள்ளேயே இருந்த ஏலச் சந்தைக்குப் போனார்கள், அதில் உண்மையான பணத்துக்கும் பொருள் வாங்கலாம். அரக்கனை வீழ்த்துவதை விட விலைப்பட்டியலைப் புரட்டுவது பலன் தரும் வேலையாகிவிட்டது. 2014 மார்ச் 18 அன்று அந்தச் சந்தையை மூடினார்கள். அதற்குச் சற்று முன்பே, குறைவாக ஆனால் நம் பாத்திரத்துக்கு ஏற்ற பொருள்கள் விழும்படி டிராப் முறையைத் திருத்தியிருந்தார்கள். பின்னர் வந்த ‘கனாயின் கனசதுரம்’ என்ற கருவியில், மஞ்சள் நிறச் சாதாரண அரும்பொருள் ஒன்றைப் போட்டு அதே வகையைச் சேர்ந்த லெஜெண்டரி (மிக அரிய) பொருளாக மாற்றிக்கொள்ளலாம். எந்த வகை என்பதை நாம் தேர்ந்தெடுப்பதால் குலுக்கல் சுருங்குகிறது. நாற்பது பொருள்களில் ஒன்று என்பதற்கும் ஐந்தில் ஒன்று என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு முறை உணர்ந்தவர், எதையும் கண்மூடிக்கொண்டு கிரைண்ட் செய்ய (ஒரே சண்டையைத் திரும்பத் திரும்பப் போட) மாட்டார். ‘மான்ஸ்டர் ஹன்டர்’ வரிசையிலும் இப்படித்தான்: வேட்டையாடும் மிருகத்தின் தலையை உடைத்தால் ஒரு பட்டியல், வாலை வெட்டினால் ஒரு பட்டியல், கொல்லாமல் உயிரோடு பிடித்தால் வேறொரு பட்டியல். தேவையான பொருள் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று படித்துவிட்டு வேட்டைக்குப் போகிறவருக்குப் பாதி நேரம் மிச்சம்.

ஆனால் படிப்பதற்குப் பட்டியல் வெளியில் இருக்க வேண்டும், அது உண்மையாகவும் இருக்க வேண்டும். ‘மேப்பிள்ஸ்டோரி’ விளையாட்டில் கியரின் பண்புகளை மாற்றிக் குலுக்கும் ‘கியூப்’ என்ற பொருள் காசுக்கு விற்கப்பட்டது. எல்லோரும் விரும்பும் பண்புகள் வருவதற்கான வாய்ப்பை 2010-இல் சத்தமின்றிக் குறைத்தார்கள். 2011-இல் சில பண்புச் சேர்க்கைகள் வரவே முடியாதபடி செய்தார்கள். வாங்கியவர்களுக்கு இது சொல்லப்படவில்லை. வராத ஒன்றுக்காக மனிதர்கள் ஆண்டுக்கணக்கில் காசு கொடுத்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. தென் கொரிய நியாய வர்த்தக ஆணையம் இதற்காக அவ்விளையாட்டை நடத்தும் நெக்ஸான் நிறுவனத்துக்கு 2024 ஜனவரியில் சுமார் 1,160 கோடி வொன் அபராதம் விதித்தது. அதே ஆண்டு மார்ச் 22 முதல், குலுக்கல் முறையில் விற்கும் பொருள்களின் நிகழ்தகவை வெளியிடுவது அந்நாட்டில் சட்டப்படி கட்டாயமாகியுள்ளது. சீனா 2017-லேயே இத்தகைய விதியைக் கொண்டுவந்துவிட்டது.

நிச்சயம் கிடைக்கும் என்று சொல்லிவிட்டால் சுவை போய்விடும் என்று என் நண்பர்கள் சிலர் வாதிடுகிறார்கள். அவர்கள் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. டயாப்லோ 3-இல் லெஜெண்டரி பொருள் விழும்போது தரையிலிருந்து ஆரஞ்சு நிற ஒளித்தூண் ஒன்று எழும். திரை முழுவதும் எதிரிகள் மொய்த்துக்கொண்டிருந்தாலும் கண் அங்கேதான் போகும், நெஞ்சு ஒரு கணம் துள்ளும். அந்தத் துள்ளலை நான் இழக்க விரும்பவில்லை. ஆனால் உச்சவரம்பு அதைப் பறிப்பதில்லை. பட்டறை மேசையில் 1,500 உருண்டை விலை எழுதியிருந்தும், பாத் ஆஃப் எக்ஸைல் விளையாடுவோர் அதிர்ஷ்டத்தைப் பார்க்காமல் இருப்பதில்லை. உச்சவரம்பால் நீங்குவது 400 முறை முயன்றவரின் வெறுமை மட்டுமே. விளையாட்டை நடுவழியில் விட்டுவிட்டு மனக்கசப்போடு வெளியேறுகிறவர்கள் அவர்கள்தான்.

என் அக்கா மகனிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: எந்தப் பொருளுக்கும் முயற்சியைத் தொடங்கும் முன், எத்தனை முறையோடு நிறுத்துவேன் என்று நோட்டின் முதல் வரியில் எழுதிக்கொள். விளையாட்டு வைக்காத வரம்பை அவனே வைத்துக்கொண்டான். அந்த மோதிரத்துக்கு 250 என்று எழுதினான், 250-லும் விழவில்லை, நிறுத்திவிட்டு, கையில் இருந்த இரண்டாம் தர மோதிரத்துக்கு ஏற்றபடி தன் பில்டை (பாத்திரத்தின் ஆயுத, திறன் அமைப்பை) மாற்றிக்கொண்டான். ஆனால் பதினேழு வயதுப் பிள்ளை தானாக வரம்பு போட்டுக்கொள்ள வேண்டிய நிலை இருக்கக் கூடாது. அதைச் செய்ய வேண்டியவர்கள் விளையாட்டை வடிவமைப்பவர்கள்.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். தொழில்நுட்பப் பக்கத்தில் புதிய விளையாட்டு ஒன்றை மதிப்பிட்டு எழுதும்போது, அதன் காட்சி அழகையும் கதையையும் பற்றிச் சொல்வதோடு, டிராப் வாய்ப்புகள் விளையாட்டுக்குள்ளேயே வெளியிடப்பட்டுள்ளனவா, அரிய பொருளுக்கு உறுதியான வரம்பு உண்டா, வலுவேற்றுவதில் தோற்றால் பொருள் என்ன ஆகும், அந்தத் தோல்வியைத் தவிர்க்கக் காசு கேட்கிறார்களா என்ற விவரங்களையும் சேர்த்து வெளியிடுங்கள். நான்கு வரி போதும். விளையாட்டை வாங்கித் தரும் பெற்றோருக்கும், தரவிறக்கம் செய்யும் பிள்ளைக்கும் அந்த நான்கு வரி முதல் நாளே தெரிய வேண்டியவை.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நீண்டநாள் வாசகர்